கடைக்குட்டி சாப்பிடவில்லை

பூரிங் அத்தை கைப்பையிலிருந்து கோழிக்குஞ்சை எடுத்துச் சவப்பெட்டியின் கண்ணாடிமேல் விட்டபோது, வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே நிறுத்தினார்கள். குஞ்சு ஒருமுறை வழுக்கியது. பிறகு, கண்ணாடிக்கு அடியில் கண்மூடிக் கிடந்த கிரிசாந்தோவின் மூக்குக்கு நேர்மேலே காலூன்றி நின்று கீச்சிட்டது. அத்தை ஒரு பிடி அரிசியை அதன்முன் தூவினாள்.

மரிகினா ஊரில் இதற்கு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நல்ல சாவுக்குப் பூ வைப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கொலையுண்டவன் பெட்டிமேல்தான் குஞ்சை விடுவார்கள். அது அரிசியைக் கொத்தக் கொத்த, கொன்ற ஆளின் மனசையும் ஏதோ ஒன்று உள்ளே கொத்திக்கொண்டே இருக்குமாம்.

எல்லார் கண்ணும் சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கே காபித் தட்டோடு நின்றிருந்தாள் நெனிதா, கிரிசாந்தோவின் இரண்டாம் மனைவி. குஞ்சைப் பார்த்தாள். தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா ரொவேனா? வேற எவளா இருந்தாலும் என் சடையப் புடிச்சிருப்பா. இவ வாயே தெறக்கல."

"அத்தை, மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா? செத்துக் கெடக்கறது என் தம்பி."

ரொவேனா கிரிசாந்தோவின் ஒரே மகள். ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். நேற்றுத்தான் வந்து இறங்கினாள். நாளைக் காலையில் அடக்கம். அதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள்.

"நீ அவன் பெத்த பொண்ணு. நீ வேணாம்னு சொன்னா அடக்கம் நின்னுடும். போலீஸ்ல சொல்லி உடம்ப அறுத்துப் பாக்கலாம். நாளைக்கு மண்ணு விழுந்துட்டா, அப்புறம் தோண்டியா பாக்க முடியும்?"

சுகாதார நிலையத்து டாக்டர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் சொன்னது எதுவும் சும்மா தட்டிவிடக் கூடியதாகவும் இல்லை. அப்பாவின் நெற்றியில், பவுடர் பூச்சுக்கு அடியில், கன்றிப்போன காயம் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு டோமிங், அப்பா செத்த அன்று மத்தியானம் இங்கே ஏதோ தடாலென்று விழுந்த சத்தம் கேட்டதாகச் சொன்னார். அதற்கப்புறம் டோமிங் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, படுக்கப் போகிற நேரத்தில்தான் நெனிதா கத்தினாளாம். அவ்வளவு நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? இந்தப் புழுக்கத்தில் எதற்கு முழுக்கைச் சட்டை?

"என் தம்பி நகம் பட்ட காயத்த மூடி வெச்சிருக்கா. எழுதி வெச்சுக்கோ," என்றாள் அத்தை.

அன்று முழுக்க அவள் நெனிதாவைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு பாம்பு இருந்தது. அதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

வெளிநாடு போன பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் விட்டுப்போன மலைப்பாம்பு அது. மலைப்பாம்பு என்றால் ஆளை விழுங்குகிற சாதி இல்லை. மணிக்கட்டுத் தடிமன்தான், தொட்டால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அப்பா அதற்குப் புன்சோ என்று பெயர் வைத்தார். கடைக்குட்டியைக் கூப்பிடுகிற பெயர். முப்பத்தைந்து வயதில் தனக்கு இப்படியொரு தம்பியா என்று ரொவேனா போனில் சண்டைகூடப் போட்டாள்.

அப்போது புன்சோ இருந்தது, அரிசி போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில். ரொவேனா ஹாங்காங்கில் படுப்பது துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே அடித்த பலகையில். காலை நீட்டினால் சுவர். போனில் டப்பாவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஐயோ பாவம்பா. என் ரூம் மாதிரியே இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. ஆயுசு முழுக்கச் செருப்புத் தைத்தவர். மூடிப்போன செருப்புக் கடை ஒன்றின் காட்சிப் பெட்டியை, ஆள் நீளத்துக்குமேல் இருக்கும், எப்படியோ வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு மரக்கிளை, சூட்டுக்கு ஒரு பல்பு. போனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திக் காட்டினார். மகளை அவர் வெங் என்றுதான் கூப்பிடுவார்.

"இப்ப எப்படி வெங்? இனிமே அவன் காலை நீட்டிப் படுக்கலாம்."

"பாம்புக்கு ஏதுப்பா காலு?"

இப்போது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது. பல்பை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பாம்பு உள்ளறையில் இருக்கிறது என்று நெனிதா சொன்னாள். கண்ணால் கண்டவர் எவருமில்லை.

"நாலஞ்சு மாசமா அது ஒண்ணுமே திங்கலையாம்," என்றார் டோமிங், சீட்டை அடுக்கிக்கொண்டே. "பட்டினி கெடக்கற பாம்பு ஆளுக்குப் பக்கத்துல நீட்டிப் படுத்து அளவெடுக்கும்னு சொல்லுவாங்க."

"பாம்பு எடுக்கல அளவு. இந்த வீட்டையே அளவெடுத்தவ உள்ள இருக்கா," என்றாள் அத்தை.

ரொவேனாவுக்குச் சுருக்கென்றது. நாலைந்து மாதமாகவா? வாராவாரம் போனில் அப்பா, புன்சோ நன்றாகச் சாப்பிடுகிறான் என்றுதானே சொன்னார்? அப்படிச் சொல்லும்போதெல்லாம் பின்னால் நின்ற நெனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. அப்பாவைப் பொய் சொல்ல வைத்தது யார்? எதற்காக?

சித்தியை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் உண்மை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தவளை எந்த மகளுக்குப் பிடிக்கும்? ஆனால் நேற்று ராத்திரி ஒன்று நடந்தது. அப்பாவின் அகலக் கட்டிலில் ரொவேனாவுக்குத் தூக்கம் வரவில்லை. அறை வெட்டவெளிபோல இருந்தது. கடைசியில் பாயை இழுத்துக்கொண்டு போய் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் ஒண்டிப் படுத்த பிறகுதான் கண்ணயர்ந்தாள். விடிந்து பார்த்தபோது மேலே யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். அத்தை தன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

சாயங்காலம் ஜெபமாலை சொல்ல எல்லாரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கட்டிய மனைவி முன்வரிசையில் இருக்கவேண்டும். நெனிதா இல்லை. ரொவேனா திரும்பிப் பார்த்தாள். நெனிதா காபிக்கு வைத்த வெந்நீரில் ஒரு குவளை பிடித்துக்கொண்டு, சந்தையிலிருந்து வந்த காகிதப் பொட்டலம் ஒன்றை மடியில் மறைத்தபடி, பின்கட்டுக்கு நழுவிக்கொண்டிருந்தாள்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ரொவேனா எழுந்து பின்னாலேயே போனாள்.

அப்பா செருப்பு அச்சுக்கட்டைகளைப் போட்டு வைக்கிற சின்ன அறை. கதவைத் தள்ளினாள். இருட்டில் நெனிதா மண்டியிட்டிருந்தாள். முன்னால் அந்தப் பழைய அரிசி டப்பா. கையில் இடுக்கி. இடுக்கி முனையில் வாலால் தொங்கியது, வெந்நீரில் சூடுகாட்டிய செத்த எலி. நெனிதா முகத்தை ஒருபக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கை கிடுகிடுவென்று ஆடியது.

"கதவ மூடு. வெளிச்சம் பட்டா அவன் திங்க மாட்டான்."

ரொவேனா மூடவில்லை. "அப்பா நெத்தியில எப்படி அடி பட்டுச்சு?"

நெனிதா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"இவன அந்தக் கண்ணாடிப் பெட்டியிலேந்து எடுத்து இந்த டப்பால விட வந்தாரு. கையில புடிச்சிட்டு நிமிந்தாரு. அப்படியே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடி மூலையில இடிச்சு விழுந்துட்டாரு."

"அப்பவே ஏன் கத்தல?"

"மூக்குல கை வெச்சுப் பாத்தேன். மூச்சு இல்ல. இவன் அவர் கையில சுத்திக்கிட்டு இருந்தான். கத்தினா டோமிங் அரிவாளோட வந்திருப்பாரு. பாம்புதான் கொன்னுச்சுன்னு இவன ரெண்டு துண்டாக்கியிருப்பாங்க. உங்கப்பா உசுரா வளத்தது." டப்பாவைப் பார்த்தாள். "நான் இவன ஒருநாளும் தொட்டதில்ல. கைய கிட்ட கொண்டு போவேன், எடுத்துடுவேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்கே தெரியாது."

சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, பிறை வடிவில், ஊசியால் குத்தினதுபோல் பொடிப்பொடிப் பல்தடங்கள். எந்த நகத்துக்கும் அப்படிக் கீறத் தெரியாது.

ரொவேனாவின் சந்தேகம் அத்தனை சுலபத்தில் விடவில்லை.

"அவ்வளவு பெரிய பெட்டி கொண்டாந்து வெச்சாரு. அதுலேந்து எடுத்து எதுக்கு மறுபடியும் இந்த டப்பா?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

"சொல்லுங்க சித்தி."

"பெரிய பெட்டிக்குப் போன நாள்லேந்து இவன் திங்கல. சுத்தி வெட்டவெளிச்சம், ஒளிய ஒரு எடம் கெடையாது. நாலு பக்கமும் உடம்பு எதையாவது ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் இவனுக்குப் பயம் விடும்னு பாம்பு விக்கறவன் சொன்னான். நானும் மாத்திடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. 'வெங் என்ன நெனப்பா, அப்பா மறுபடியும் அவன அந்தச் சின்ன ரூம்லயே அடைச்சுட்டாருன்னு நெனப்பாளே'ன்னாரு. இவனுக்கு முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சப்புறந்தான் மனசு எறங்குச்சு."

"அப்புறம்?"

"'டிசம்பர்ல வெங் வர்றப்ப திரும்ப அதுலயே விட்டுக் காட்டிக்கலாம். லீவு கொஞ்ச நாள்தானே, புன்சோ தாங்கிப்பான்'னாரு. அதான் கடைசியா பேசினது."

கூடத்திலிருந்து ஜெபமாலையின் முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. மூச்சு இல்லை என்று சித்திக்கு அத்தனை நிச்சயமாக எப்படித் தெரிந்தது என்ற ஒரு கேள்வி மட்டும் உள்ளே முள்ளாக நின்றது. அதை அவள் கேட்கவில்லை. உள்ளே வந்து கதவை மூடினாள்.

இருட்டில் துழாவி உட்கார்ந்தாள். ஒரு தோள் சுவரில் பட்டது. மறுதோள் சித்தியின் தோளில் பட்டது. அவ்வளவுதான் இடம்.

"இடுக்கிய என்கிட்ட குடுங்க."

"நடுங்காம புடி."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கையிலிருந்த இடுக்கி வெடுக்கென்று இழுபட்டது. டப்பாவுக்குள் பொத்தென்று ஒரு சத்தம். அதன்பின் ஏதோ மெல்லச் சுற்றி இறுக்குகிற அரவம்.

"சாப்பிட்டானா?" என்றாள் ரொவேனா.

"உஷ். பேசாத."

இருவரும் கூடத்துக்கு வந்தபோது ஜெபம் முடிந்திருந்தது. பூரிங் அத்தை எழுந்து எதிரே வந்து நின்றாள்.

"என்னடி முடிவு பண்ணின?"

ரொவேனா சவப்பெட்டியருகே போனாள். குஞ்சு கண்ணாடியின் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அரிசி சிந்தினது சிந்தினபடி கிடந்தது. ஒரு மணியைக்கூட அது கொத்தவில்லை. அதை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். எங்கே விடுவது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, காலிக் காட்சிப் பெட்டியின் கதவை நகர்த்தி உள்ளே விட்டாள்.

"நாளைக்குக் காலைல அடக்கத்துக்கு வண்டி எத்தன மணிக்கு வருது அத்தை?"

அத்தை சிந்திக் கிடந்த அரிசியைக் கையால் கூட்டி அள்ளினாள். நெனிதா நாற்காலியிலிருந்த காபித் தட்டை எடுத்து, ஆறிப்போன கோப்பைகளை உள்ளே கொண்டுபோனாள். வாசலில் யாரோ சீட்டைக் கலைத்துப் போட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குஞ்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கீச்சிட்டுக்கொண்டே ஓடியது. திரும்பி ஓடிவந்தது. பிறகு பல்புக்குக் கீழே, மரக்கிளைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்துக்கொண்டு சத்தத்தை நிறுத்தியது.