ஐந்தாவது ஆணி

பிரிக்பீல்ட்ஸில் ஜாபர் அலியின் உணவகத்துக்குள் நுழைந்தால் கல்லாவுக்குப் பின்னால் நான்கு படங்கள் தெரியும். நான்கும் அந்தக் காலத்து ஹாக்கி ஆட்டக்காரர்கள். பக்கத்தில் ஐந்தாவதாக ஓர் ஆணி, வெறுமனே. அதில் யாரை மாட்டுவது என்று பின்மேசையில் ஞாயிறு காலைகளில் நடக்கும் சண்டை ஒரு வருடமாக ஓயவில்லை.

மலர்விழிக்கு அந்த ஆணி தன் பெரியம்மாவுக்கு வேண்டும்.

பெரியம்மா பஞ்சவர்ணம் மாநிலப் பெண்கள் அணியில் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரியாக இருந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். அந்த மேசைச் சண்டையில் சேரும் ஒரே பெண் அவர்தான். புல் திடலில் ஆடியவன் பெரியவனா, டர்ஃப் என்ற செயற்கைப் புல்லில் ஆடியவன் பெரியவனா என்று பேச்சு வந்தால் ஆண்களை உட்காரவிட மாட்டார். தன் பெயரை மட்டும் ஒரு நாளும் எடுத்ததில்லை. வேறு யாரும் எடுத்ததில்லை. அதுதான் மலர்விழிக்குப் பொறுக்கவில்லை.

கிள்ளானிலிருந்து பெரியம்மாவைக் காரில் அழைத்து வருவதும், தே தாரிக் தேநீரோடு மூலையில் உட்கார்ந்திருப்பதும்தான் அவள் வேலை. நான்கு பேர் ஒன்றாகப் பார்த்தால் அவளுக்குக் குரல் எழும்பாது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டாள். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். பழைய ஆட்டக்காரர்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று தனக்குத் தெரிந்த முறையில் ஒரு கணக்குப் போட்டு வந்திருந்தாள். திரையில் கலர் நன்றாக இருப்பதாக ஜாபர் அலி சொன்னார். மேசைக்குத் தலைவர் மாதிரி இருக்கும் அழகிரி, முன்னாள் கோல்காப்பாளர், கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இங்க ஒரே ரூல்தான். கூட ஆடினவன் சொன்னா செல்லாது. எதிர்த்து ஆடினவன் வந்து சொல்லணும். அவன் கண்ணுதான் பூரா நம்ம மேல இருந்திருக்கும்."

நான்கு படங்களும் அப்படி ஏறியவைதாம். ஒவ்வொருவருக்காகவும் ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ ஒரு பழைய எதிரி வந்து, இந்த மேசையில் சாப்பிட்டுவிட்டுச் சாட்சி சொல்லியிருக்கிறார். பெரியம்மாவை எதிர்த்து ஆடியவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவரும் இங்கே வந்ததில்லை. வரச்சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

மலர்விழி தேடினாள். பழைய பள்ளி மாணவிகளின் முகநூல் பக்கங்களில் துழாவி, தெரியாதவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி, கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. ரொஹானி. எதிரணியில் இடது ஓரம் ஓடியவர், பந்திங்கில் இருக்கிறார். போனில் சாப்பாடு ஆர்டர் செய்யவே தயங்குகிறவள் தனியாகப் பந்திங் வரைக்கும் காரோட்டிப் போய், ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்று பெரியம்மாவின் பெயரைச் சொன்னாள். வெளியே வந்த மலாய்க்காரப் பாட்டி சாரோங்கைச் சற்றே தூக்கி முழந்தாளுக்குக் கீழே ஒரு குழியைக் காட்டினார்.

"இது பஞ்சா குடுத்தது" என்று சிரித்தார். எஸ்டேட்டை ஒட்டி வளர்ந்தவர்; தமிழ் தடுக்காமல் வந்தது.

அடுத்த ஞாயிறு ரொஹானி வந்தார். பெரியம்மாவின் ஆட்டப் படம் ஒன்று சட்டமிட்டு மலர்விழியின் பையில் தயாராக இருந்தது.

இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் முட்டியை இன்னொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நடக்கிறியா?" என்று பெரியம்மா கேட்டார். "உன்னைவிட வேகமா" என்றார் ரொஹானி.

சாட்சி சொல்ல ரொஹானிக்கு வாய் போதவில்லை. குடையைத் தலைகீழாகப் பிடித்து வளைந்த கைப்பிடியைத் தரையில் வைத்தார். ஜாபர் அலியிடம் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டார். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. இடது ஓரத்தில் ஓடுகிறவள் பந்தை உள்ளே, திடலின் நடுப்பக்கமாக, இழுக்க வேண்டுமானால் மட்டையைக் கவிழ்த்தாக வேண்டும். கண் சிமிட்டும் நேரம்தான். மற்ற தடுப்பாட்டக்காரிகள் முன்னதாகவே பாய்வார்கள், ஏமாறுவார்கள். இவள் பாயமாட்டாள், நான் கவிழ்க்கும்வரை காத்திருப்பாள் என்றார். சொல்லிக்கொண்டே மேசைகளுக்கு நடுவே பழத்தைத் தள்ளி வந்து, குடையைக் கவிழ்த்தார்.

டக்கென்று ஒரு சத்தம். பழம் நின்றுவிட்டது.

பெரியம்மா நாற்காலியைவிட்டு எழவில்லை. நாற்காலியில் சாய்த்திருந்த அவருடைய குடை எப்போது கைக்கு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலர்விழியும் பார்க்கவில்லை. தினமும் காலையில் மாத்திரை டப்பாவைத் திறக்க முடியாமல் தன்னிடம் நீட்டும் கை அது. இத்தனை காலம் இந்தக் கையோடா ஒரே வீட்டில் இருந்தோம் என்று நினைத்தாள்.

பரோட்டாக் கல்லில் வேலையாக இருந்தவர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார். மலர்விழி பையின் ஜிப்பைத் திறந்தாள்.

"இரு" என்றார் பெரியம்மா. அவர் முகம் மாறியிருந்தது. "ரொஹானி, இன்னொரு தரம் வா. அந்த ஃபைனல்ல வந்த மாதிரி வா."

ரொஹானி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடி வந்தார். குடை கவிழத் தொடங்கியது. பெரியம்மாவின் குடை நீண்டது. ஆனால் ரொஹானியின் குடை பாதியில் நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் உள்ளே வராமல், நீண்ட குடைக்கு வெளிப்பக்கமாக உருண்டு, அழகிரியின் செருப்பில் போய் முட்டியது. கோல்காப்பாளராக இருந்தவர், குனியக்கூட இல்லை.

பெரியம்மா உரக்கச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து மலர்விழி கேட்டதே இல்லை.

"பாத்தீங்களா? இதுதான். இதை என்கிட்ட செஞ்சவ இவ ஒருத்திதான். நான் எதிர்த்து ஆடினவ, நான் சொல்றேன். செல்லும்ல?"

மலர்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரியைக் கூட்டி வந்தால் பெரியம்மாவும் எதிரிதான். அந்த ரூல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

ரொஹானி மறுத்துப் பார்த்தார். மற்ற நாளெல்லாம் இவள்தான் நிறுத்தினாள் என்றார். அழகிரி செருப்படியில் கிடந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அஞ்சாவது ரொஹானி" என்றார்.

ஜாபர் அலிக்கு மனசு கேட்கவில்லை. "சுவர் நம்மதுதானே லா. ஆறாவது ஆணி அடிச்சிக்கலாம், ஆன்டி."

"வேணாம் தம்பி. அன்னைக்கு ஃபைனல்ல இவகிட்டத் தோத்தேன். ஆணி அடிச்சா அது மாறிடுமா?" என்ற பெரியம்மா மலர்விழியின் பக்கம் திரும்பினார். "பைக்குள்ள நீ என்ன வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்டி. சட்டம் நல்ல சட்டம். என்னைக் கழட்டிட்டுக் குடு."

மலர்விழி கரண்டிக் காம்பால் சட்டத்தின் பின்பக்கத்தை நெம்பிப் பெரியம்மாவின் படத்தை வெளியே எடுத்தாள். அழவேண்டும்போல இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. குடை பாதியில் நின்ற அந்தக் கணத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொஹானியின் படம் வரும்வரை வெறும் சட்டத்தை அழகிரியே ஐந்தாவது ஆணியில் மாட்டினார்.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். மனசுக்குள் வருத்தம் இருக்கும் என்று மலர்விழி வண்டியை மெதுவாக ஓட்டினாள். ஷா ஆலம் தாண்டியபோது பக்கத்தில் ஏதோ அசைவது தெரிந்தது. பெரியம்மா மடியில் கிடந்த குடையைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணிக்கட்டை இப்படி வச்சிருக்கணும்" என்றார். "அடுத்த ஞாயிறு அவ வருவாளா, கேட்டியா?"