வாங்கியவன் வீடு

கோல் போட்டவன் போட்டுவிட்டுப் போய்விடுவான். வாங்கியவன்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஃபார்வர்டைப் பார்த்து "எத்தினி போட்டே?" என்பார்கள். கோல்கீப்பரைப் பார்த்து "எத்தினி வாங்கினே?" என்பார்கள். கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது. கடையில் வாங்கிய சட்டை பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். இதில் அந்த வசதி கிடையாது.

என் பெயர் ஏகாம்பரம். வியாசர்பாடியில் முரசு கிளப்புக்குக் கோல்கீப்பராக இருந்தேன். முதல் கோலை வாங்கிய அன்று அதை பஸ்ஸில்தான் கூட்டிவந்தேன். "இன்னாபா, கோலா? படிக்கட்டுல நிக்க வெக்காத, உள்ள தள்ளு" என்றார் கண்டக்டர். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கோல் சோறு கேட்காது, பேசாது. இடம் மட்டும் அடைக்கும். அது விழுந்தபோது கூட்டம் போட்ட கூச்சல் அதன் உள்ளேயே தங்கிவிடும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் ரெஃப்ரி விசில் என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை கத்தும். மற்றபடி தொந்தரவு இல்லை.

முரசு கிளப்பில் எனக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்று பந்தைத் தடுத்து ஆடிய தேசிங்கு தன் தங்கை கஸ்தூரியை எனக்குக் கட்டிக்கொடுத்தான். ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை வீடு. அவள் வந்தபோதே பாதி இடம் போயிருந்தது. கார்னரில் வந்த கோல்கள் மூலையை விட்டு நகராது. தலையால் முட்டிப் போட்டவை பரணில் ஏறிக்கொள்ளும். பெனால்ட்டியில் வாங்கியவை வாசலுக்கு நேராகத் தனித்தனியாக நிற்கும், சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கால் இடுக்கில் புகுந்த ஒன்று மட்டும் நடக்கும்போதெல்லாம் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கஸ்தூரி சோற்றுப் பானையோடு இரண்டு முறை அதில் தடுக்கி விழுந்தாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். எத்தனை பந்தைப் பாய்ந்து பிடித்திருக்கிறேன்! விரல் பிசகி, முட்டி தேய்ந்து, ஒரு பல்லும் போனது. தடுத்ததில் ஒன்றாவது என்னோடு வீட்டுக்கு வந்ததா? வராது. தடுத்த பந்து திரும்ப மைதானத்துக்கே ஓடிவிடும். பிடிக்க முடியாமல் போனது மட்டும் பின்னாலேயே வரும்.

"புடிச்சதுல ஒண்ண இட்டுனு வாயேன், நானும் கண்ணால பாக்கறேன்" என்பாள் கஸ்தூரி.

"அது வராது."

"அதான பார்த்தேன்."

தங்கமீன் கிளப் பெரிய கிளப். அதன் செக்ரட்டரி வேதாசலம் ஒரு வருஷம் கீப்பர் தேடி எங்கள் பக்கம் வந்தார். கீப்பரை எடுப்பவர்கள் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், வீட்டைத்தான் பார்ப்பார்கள். அவர் என் வாசலில் பெனால்ட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்து, நின்றபடியே எட்டிப் பார்த்தார். "ரொம்ப அடைசலா இருக்கேபா" என்றார். கஸ்தூரி கொடுத்த காப்பியை எங்கே நின்று குடிப்பது என்று தெரியாமல் படிக்கட்டில் போய்க் குடித்தார்.

அடுத்து அவர் போனது பெஞ்சமின் வீட்டுக்கு. பெஞ்சமின் முரசு கிளப்பின் இரண்டாவது கீப்பர். பேருக்கேற்ற மாதிரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவன். ஒரு நாள்கூட இறங்கி ஆடியதில்லை. அவன் வீட்டு ஹாலில் பந்து விளையாடலாம், அவ்வளவு காலி. காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். வேதாசலம் ஹால் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கீப்பர்னா இவன் கீப்பர்" என்று அங்கேயே கையைப் பிடித்துக் குலுக்கினாராம். தங்கமீனிலும் பெஞ்சமினை ஆட விடவில்லை. இவ்வளவு நல்ல வீட்டைப் பாழாக்க யாருக்கு மனசு வரும்? அங்கேயும் பெஞ்சுதான். ஆனால் சட்டையில் முதலாம் நம்பர்.

நான் முரசிலேயே கிடந்தேன். வருஷம் போனது, வீடும் நிறைந்தது. அப்புறம்தான் கஸ்தூரி உண்டானாள்.

இடம் என்று பார்த்தால் அறை நடுவில் ஒரு தூளி ஆடும் அளவுக்கு மிச்சம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நாங்கள் படுக்கும் பாய். அவ்வளவுதான் வீடு. மாசம் நிறைந்த சமயத்தில் தங்கமீனோடு லீக்கின் கடைசி ஆட்டம் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னும் ஒண்ணு வாங்கினு வந்தேன்னா புள்ளைய எங்க போடறது? சொல்லிட்டுப் போ."

"வாங்க மாட்டேன்."

"எங்கண்ணன் இருக்குது முன்னால. அத்த நம்பித்தான் வுடறேன்."

அன்று ஆடியதைப் போல நான் என்றைக்கும் ஆடியதில்லை. தரையோடு வந்ததைப் படுத்துப் பிடித்தேன். மூலையில் போனதை விரல் நுனியால் தள்ளினேன். பெனால்ட்டி ஒன்றை நெஞ்சிலேயே வாங்கித் தடுத்தேன். தங்கமீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெஞ்சமின்கூட எழுந்து நின்று கை தட்டினான். பிள்ளைக்கு இடம் இருக்கிறது, பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஆடினேன். விசில் அடிக்கப் போகிற நேரம். எதிரி தூக்கிப் போட்ட பந்தை வெளியே தள்ளுவதற்காக தேசிங்கு எம்பினான். பந்து அவன் நெற்றியில் பட்டு, திரும்பி, என் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. சேம் சைடு கோல்.

நான் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேசிங்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"போட்டது நீதான மச்சான்" என்றேன். "நீயே இட்டுனு போ. உன் வூட்ல இடம் கிடக்குது."

"போட்டது நாந்தான் மாப்ள. வாங்கினது நீதான?"

வழக்கம் வழக்கம்தான். மச்சான் என்று பார்த்தால் நடக்குமா? கோல் வலையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றது. அழுகை வந்தது. கிளவுஸோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அது நேராகத் தூளி இடத்தில் போய் நின்றுகொண்டது. கஸ்தூரிக்கு அதற்குள் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். பெண் குழந்தை.

பேர் வைக்கிற அன்று பிளாக்கில் உள்ள பொம்பளைகள் எல்லோரும் வந்தார்கள். இடம் இல்லாததால் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வழக்கம்போல முதல் கேள்வி வந்தது.

"தாய்மாமன் இன்னா போட்டாரு?"

செயின் போடுவார்கள், கொலுசு போடுவார்கள், முடிந்தவர்கள் மோதிரம் போடுவார்கள். தேசிங்கு வெறும் கையோடு வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கஸ்தூரி அண்ணனை ஒரு முறை பார்த்தாள். அவனைச் சபையில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளே கையைக் காட்டினாள்.

"கோல் போட்டாரு."

"பரவால்லியே, நல்ல பெரிசாத்தான் போட்டுக்கீறாரு" என்று எட்டிப் பார்த்து எல்லோரும் சொன்னார்கள். கோலுக்குப் பொட்டு வைத்தார்கள். தேசிங்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

தாய்மாமன் போட்டதை வீட்டை விட்டு வெளியே வைக்கக் கூடாது, ஓரமாகத் தள்ளவும் கூடாது. மற்ற கோல்களும் அசையாது. கஸ்தூரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையை ஒரு சுற்று பார்த்தாள். கடைசியில் பாயில் நான் படுக்கும் பக்கத்தைப் பார்த்தாள். ஒரு தூளி ஆட அது தாராளமாகப் போதும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்கியவன் நான்தானே? அதற்கு நேர் மேலே நானே கொக்கி அடித்து, தூளி கட்டி, குழந்தையைப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

எனக்குத் தெரிந்த இன்னொரு இடம் மைதானம்தான். கோல் போஸ்ட்டுக்குள் வலையோரமாகப் படுத்துக்கொண்டேன். முரசு கிளப்பில் என்னை எடுத்துவிட்டார்கள். வீடே இல்லாத கீப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கோல் வாங்கினால் எங்கே வைப்பான் என்று கேட்டார்கள். நியாயம்தான். ஆட்டம் இருக்கும் நாள்களில் எழுந்து ஓரமாகப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்றாகத் தூங்கிவிட்டேன். தங்கமீன் ஆட்டம். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கீப்பருக்கு வீட்டில் இடம் தீர்ந்துவிட்டதால் அன்றுதான் பெஞ்சமினை முதல்முதலாக இறக்கியிருந்தார்கள். அவன் புது கிளவுஸ் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றான். ரெஃப்ரி நடந்து வந்தார். குனிந்து கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் உடம்பு முழுக்கக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கோல்தான் என்று விசில் ஊதி நடு மைதானத்தைக் காட்டினார்.

"ஆஃப்சைடு சார்!" என்று பெஞ்சமின் கத்தினான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அத்தனை வருஷம் ஆடியும் எனக்காகக் கூட்டம் கத்தியது அன்று ஒரு நாள்தான். ஆட்டம் முடிந்ததும் பெஞ்சமின் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான்.

இப்போது அவன் ஹாலில் இருக்கிறேன். நல்ல காற்று. அவன் மனைவி ரோசலின் பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வேன். குக்கர் விசில் அடித்தால் ஒரு தடவை கத்துவேன்.

போன வாரம் கஸ்தூரி குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது. என்னைப் பார்த்துக் கையை நீட்டியது.

"அது பேசாது. சோறும் கேக்காது" என்றாள் ரோசலின். "இடம்தான் அடைக்கும்."

"தெரியும் அக்கா, எங்க வூட்லயும் நெறைய இருக்குது" என்றாள் கஸ்தூரி. காப்பியைக் குடித்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.