மூன்றாவது தட்டு

மேடையில் இருபத்தாறு வருஷமாக ஊமை வேலைக்காரனாக நடித்த மனிதர், வீட்டில் வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான். அப்பேர்ப்பட்ட சித்தப்பாவிடம், ரேடியோ நாடகத்தில் உங்களுக்கு வேஷம் இல்லை என்று யார் போய்ச் சொல்வது? அந்தப் பழைய நாடகத்தை ரேடியோவுக்கு மாற்றி எழுதியவள் அவருடைய அண்ணன் மகள். வேஷத்தை வெட்டியதும் அவளேதான். வசனமே இல்லாத ஆளைக் காதுக்கு எப்படிக் காட்டுவதாம்?

அவரோ தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, ஒலிப்பதிவு நாளன்று மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றார்.

"சித்தப்பா... இதுல நீங்க இல்ல. பேசாத ஆள் ரேடியோவுல தெரியாதே."

அவர் முகம் சுண்டிப்போனது. "அதுவும் சரிதாம்மா. வந்தது வந்துட்டேன், ஓரமா உக்காந்து கேக்கறேன்."

நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மகனைப் பறிகொடுத்த புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் சண்டை போடும் காட்சி. நாடகத்தின் உயிரே அதுதான். மேடையில் நடித்த அதே இருவர்தான் மைக் அதிரக் கத்தினார்கள். மூன்று தடவை எடுத்தும் வெறும் குழாயடிச் சண்டையாகவே இருந்தது.

"மேடையில நான் இப்படிக் கத்தினதே இல்ல," என்றாள் நடிகை. "வேலைக்காரன் தட்டு வச்சிட்டிருப்பான். அவன் முன்னாடி எப்படிக் கத்தறது?"

அண்ணன் மகளுக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் நிற்பதால்தானே இருவரும் குரலை அடக்கினார்கள், அடக்கியதால்தானே பார்த்தவர்கள் அழுதார்கள்! அவரைப் போய் வெட்டித் தொலைத்திருக்கிறாளே!

"சித்தப்பா, உள்ள வாங்க! யாராவது கேன்டீன்லேர்ந்து தட்டு எடுத்துட்டு வாங்க!"

நாலாவது தடவை. சித்தப்பா மைக் அருகே ஒரு தட்டு வைத்தார். இன்னொன்று வைத்தார். புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான், பெண்டாட்டி முணுமுணுத்தாள். மேடையில் செய்வது போலவே, மறந்தாற்போல மகனுக்கான மூன்றாவது தட்டையும் வைத்தார். பேச்சு நின்றது. அவர் அதைச் சத்தமில்லாமல் எடுக்கப் பார்த்தார். தட்டு மேஜையில் லேசாக உரசியது. நடிகை நிஜமாகவே உடைந்து அழுதாள்.

நாடகம் ரேடியோவில் வந்த மாலை, வீடு நிறைய ஆட்கள். "பேசாத வேஷத்துக்கு இவ்வளவு பந்தாவா? எங்க காணோம் உங்கள?" என்று சித்தி கேலி செய்துகொண்டே இருந்தாள். மூன்றாவது தட்டு உரசியது. கேலி அப்படியே நின்றுபோனது.

"அது நீங்கதானே?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த வீட்டில் முதல் தடவையாக, சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.