கதவுக்காரன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கமலேஷ் எங்கள் வீட்டுக்கு வந்து கணப்புச் சட்டியைக் கேட்டான். அந்த வாரம் எங்கள் ஊர் நடுவட்டத்தில் உறைபனி. கரியை நானே கனியவைத்துக் கொடுத்தேன். புகை அவன் தொண்டைக்கு ஆகாது என்பதால், புகை முழுவதும் அடங்கிய பிறகே சட்டியை நீட்டினேன்.

“தூங்கிடாதடா,” என்றேன்.

“பாடுறவன் எப்படிடா தூங்குவான்? நீ எழுதுனதப் பாடுனாத்தான் தூக்கம் வரும்.” சட்டியின் காதில் சாக்குத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். “நீயும் வாயேன். ஒரு மணி நேரம்.”

“சோலோன்னா தனியாத்தானுங்களே சார்,” என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. படியிறங்கிப் போனான்.

நாங்கள் மூன்று பேராக இருந்தோம். கமலேஷ் ராப் பாடுவான், ஜீவிதா கூடப் பாடுவாள், வரிகளும் பீட்டும் என் வேலை. குழுவின் பெயர் மூணாம் இலை. தேயிலையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது இலை கூடையில் இருந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். எங்கள் மூவருடைய அம்மாக்களும் அந்தத் திட்டை வாங்கியவர்கள். அதனால் அந்தப் பெயர்.

ராஜரத்தினம் அண்ணன் பேக்கரிக்குப் பின்னால் பழைய உருளைக்கிழங்குக் குடோன் ஒன்று இருந்தது. அதைத்தான் ஸ்டுடியோ ஆக்கினோம். சுவரெல்லாம் முட்டை அட்டை, கூரைக்கடியில் தேயிலைச் சாக்கு. கூடலூர் லாரிகள் வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்காதிருக்க ஜன்னலைக் கம்பளியால் அடைத்தோம், கதவிடுக்கில் துணி திணித்தோம். மூன்று பேர் உள்ளே இருந்தால் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் கமலேஷ் “கதவு” என்பான். நான் எழுந்து திறப்பேன். ஜீவிதா என்னைக் கதவுக்காரன் என்றே கூப்பிட்டாள்.

ஃபாக்டரிச் சங்கைப் பற்றி நாங்கள் செய்த பாட்டை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். கோயம்புத்தூர் கல்லூரிகளில் மேடை கிடைத்தது. பிறகு சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது, கமலேஷை மட்டும்.

பஸ் ஸ்டாப்பில் வைத்துத்தான் சொன்னான். “போயிட்டு வாங்க சார். ஆட்டோகிராப் மட்டும் இப்பவே போட்டுக் குடுத்திருங்க,” என்று ஜீவிதா தன் உள்ளங்கையை நீட்டினாள். அவனும் போட்டான். நான் பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றேன். இரண்டு வருடம் அவன் அனுப்பிய பாட்டுகளுக்குப் பதிலும் போடவில்லை. மூன்று தனிப்பாட்டு, ஒரு சினிமாப் பாட்டு. எல்லாவற்றையும் கேட்டேன்.

ஜனவரியில் திரும்பி வந்தான். “அங்க ஏசி ரூம்ல என் குரல் வேற எவனோ பாடுற மாதிரி இருக்குடா. இந்த ஆல்பத்த நம்ம குடோன்லதான் பண்ணப் போறேன்,” என்றான். நம்ம என்று அவன் சொன்னது எனக்குக் கோபத்தை அதிகமாக்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ராஜரத்தினம் அண்ணன் ஃபோன் செய்தார். கதவைத் தட்டினால் பதில் இல்லை என்றார். ஓடினேன். தாழ் போட்டிருக்கவில்லை, திணித்த துணிதான் இறுகியிருந்தது. தோளால் தள்ளினேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்ஃபோன். முகம் நன்றாகச் சிவந்திருந்தது, பனியில் ஓடி வந்தவன் முகம்போல. அதனால் நான் பயப்படவே இல்லை. “எந்திரிடா, ரொம்பத்தான் நடிக்கிற,” என்றேன். இரண்டு முறை சொன்னேன். பிறகுதான் கையைத் தொட்டேன்.

கரிப் புகை அடங்கினாலும் அதிலிருந்து வரும் வாயு அடங்காது, அதற்கு வாசனை கிடையாது, முகம் சிவந்ததும் அதனால்தான் என்று ஊட்டி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கணப்பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அப்படித்தான் தெரிந்து வைத்திருந்தோம். அவன் தூங்கவில்லை. பகல் வேளை, விழித்திருந்தான், பாடிக்கொண்டிருந்தான்.

லேப்டாப்பைப் போலீஸ் திருப்பிக் கொடுத்ததும் ஜீவிதாவும் நானும் கேட்டோம். நான்கு டேக் இருந்தது. முதல் டேக் முடிந்ததும் “கதவு” என்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான். அவனே எழுந்து போய்த் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது முடிந்ததும் அப்படியே. மூன்றாவது முடிந்ததும் “கதவு… சரி, அப்புறம்,” என்றான். நான்காவதில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஜீவிதா அங்கேயே நிறுத்திவிட்டாள்.

இதற்குள் கடைகளில் வேறு பேச்சு ஓடியது. சென்னையில் தோற்றுப்போய் வந்தவன், தானாகவே கதவை அடைத்துக்கொண்டு முடித்துக்கொண்டான் என்றார்கள். அவன் அம்மா வீரம்மா அதை நம்ப ஆரம்பித்திருந்தார். காரியம் முடிந்த மறுநாள் எஸ்டேட் லைனில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“நீயாச்சும் சொல்லு செலஸ்டு. மெட்ராஸ்ல என்ன ஆச்சு அவனுக்கு? எங்கிட்டச் சொல்ல முடியாதபடி என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலைங்கம்மா. அந்தச் சட்டி எங்கூட்டுதுங்க. குளுருக்குக் கேட்டான். கரி நாந்தானுங்க போட்டுக் குடுத்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். துணி திணித்த கதவைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது டேக்கில் அவன் சொன்னதையும் சொன்னேன்.

“அப்ப அவன் சாவணும்னு போவல.”

“இல்லீங்கம்மா. பாடத்தான் போனான். ‘அப்புறம்’னான்ல.”

“உன்னியக் கூப்புடலியா?”

“கூப்ட்டானுங்க.”

“ஏன் போவல?”

“கோவம்ங்க.”

பக்கத்து வீட்டுத் தெய்வம்மா அக்கா எட்டிப் பார்த்தார். வீரம்மா அவரிடம், “கேட்டியா தெய்வம்மா, எம்மவன் தானா சாவலயாம்,” என்றார். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு இறங்கினார். இப்போதும் ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டில்தான் கொழுந்து எடுக்கிறார்.