மூன்று விநாடி

சனிக்கிழமை நாலு மணி ஆகிவிட்டால் அந்த ஹோட்டல் சலவைக்கூடத்தில் இயந்திரம் ஓடும், கை ஓடாது. எல்லோருடைய காதும் சுவரில் மாட்டிய ரேடியோவிடம் போய்விடும். ‘முதல் பத்து’ நிகழ்ச்சி. பத்தாவது இடத்துப் பாட்டில் தொடங்கி முதல் இடத்துக்கு ஏறும். அதிகப் பேர் யாருக்காகவாவது விரும்பிக் கேட்கும் பாட்டு மேலே போகும். அப்படிக் கேட்க ஆளில்லாத பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் கீழேயே கிடக்க வேண்டியதுதான். நடத்துகிறவர் தன் பெயரைச் சொல்லமாட்டார். ‘உங்கள் தோழன்’ என்பார். ஊருக்கே தோழன், வாய் மட்டும் ஓயாது.

“ஏழாவது இடம்! யார் கேட்டிருக்காங்கன்னு நான் சொல்லணுமா? நம்ம மருந்துக்கடை அண்ணன்! இந்த வாரமும் தன்னோட அன்பு மனைவிக்காக...”

சலவைக்கூடம் ஊளையிட்டது. போர்வையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் முனையை விட்டுவிட்டுக் கைதட்டினாள். அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரும் பற்றவைக்காமலே வெடிப்பாள்.

“கொடுத்து வெச்சவடி நீ! என் வீட்டுக்காரர் எனக்காக இதுவரைக்கும் ஒரு தும்மல்கூடப் போட்டதில்ல.”

அந்த அன்பு மனைவி சிரித்தாள். இரண்டு வருஷத்தில் பழகிக்கொண்ட சிரிப்பு அது. போர்வை மடிப்பது போலத்தான், நாலு மூலையும் சரியாக வந்துவிட்டால் உள்ளே இருக்கும் கிழிசலை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

கிழிசல் இதுதான். அந்த அன்புக் கணவன் அவளோடு ஒரு வார்த்தை பேசி மூன்று வருஷம் ஆகிறது.

அடித்ததில்லை, திட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். மருந்துக்கடையில் வருகிற பாட்டிகளிடம் “மாத்திரைய முழுங்கிட்டு ஒரு மணி நேரம் படுக்காதீங்கம்மா” என்று உருகுவான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கிரிக்கெட் பேசுவான். பூனையிடம்கூடப் பேசுவான், அது அடுத்த வீட்டுப் பூனை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவன் வாயும் சேர்ந்து சாத்திக்கொள்ளும். சொல்ல வேண்டியதைக் கடையிலிருந்து கொண்டுவரும் மாத்திரை உறைகளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவான். உறையின் முன்பக்கம் காலை, மதியம், இரவு என்று அச்சடித்திருக்கும். பின்பக்கம் அவனுடைய மணிமணியான கையெழுத்து. ‘உப்பு ஜாஸ்தி.’ ‘நீலச் சட்டை, இரண்டாவது பொத்தான்.’ ‘ஞாயிறு நண்பர்கள் இருவர்.’ அந்த நண்பர்கள் வந்தால் அவர்களைப் பார்த்து, “நம்ம வீட்ல காப்பி பிரமாதமா போடுவாங்க” என்பான். ஆக, அவளைப் பற்றிப் பேசுவான், அவளிடம்தான் பேசமாட்டான்.

காரணம்? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்ததுதான் காரணமே. அவளுடைய அண்ணன் வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டி முடித்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டான். அன்றைக்கு அவள் கணவன் கைகழுவிக்கொண்டே நாலு பேர் நடுவில், “அடுத்த வருஷம் அந்த மருந்துக்கடையையே நான் எடுத்து நடத்தப் போறேன்” என்று அளந்தான். அவள் விளையாட்டாக, “முதல்ல அந்தக் கடையில ஒருநாள் லீவு வாங்கிக் காட்டுங்க” என்றாள். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஏதோ கேட்டாள், பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

முதல் வருஷம் அவள் கெஞ்சினாள், அழுதாள், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள், ஒருநாள் தட்டை எடுத்து வீசியும் பார்த்தாள். அவன் குனிந்து தட்டுத் துண்டுகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டுப் போய் உறையில் எழுதினான்: ‘தட்டு ஒன்று குறைகிறது.’

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை ரேடியோவில் அவன் பெயரில் பாட்டு வந்தது. நிலாவைப் பிடித்துத் தருகிறேன், உயிரை உருவித் தருகிறேன் என்கிற ரகப் பாட்டு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கோபம் தணிந்துவிட்டது, நேரில் சொல்ல வெட்கப்பட்டு இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தாள். பைத்தியக்காரி. வேலை முடிந்ததும் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடினாள், தலைவாரிக் கொண்டாள், வாசலிலேயே நின்றாள். அவன் வந்தான், செருப்பைக் கழற்றினான், அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜில் ஓர் உறை: ‘வாசல் பல்பு மாற்ற வேண்டும்.’

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாலு பேர் முன்னால் போன மானத்தை நாலாயிரம் பேர் முன்னால் அவன் மீட்டுக்கொண்டிருந்தான். வாரம் தவறாமல்.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணனிடம் போனாள். அண்ணன் பஸ் டிரைவர். நல்லவன்தான், ஆனால் ஊர் சொல்வதுதான் அவனுக்கு வேதம். மாடி அறை கட்டும்போது, “இது உனக்கும் சேர்த்துத்தான்” என்று அவன் வாயாலேயே சொல்லியிருந்தான்.

“அண்ணே, நான் அந்த ரூம்ல வந்து இருந்துக்கறேன். என்னால முடியல.”

“ஏன், மாப்பிள்ள என்ன பண்ணாரு?”

“பேசமாட்டேங்கறாரு.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். “சனிக்கிழம நாலு மணிக்கு என் பஸ்ல அறுபது பேர் கேக்கறாங்க, அவரு பேசறத. உனக்கு மட்டும் கேக்கலியா?”

சேர்த்துவைத்திருந்த உறைகளை ரப்பர் பேண்டைப் பிரித்து மேசையில் கொட்டினாள். அண்ணன் நாலைந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எல்லா வீட்டு ஃப்ரிட்ஜ்லயும்தான் சீட்டு ஒட்டறாங்க. அந்த மனுஷன் கையெழுத்தாவது புரியுது. போம்மா, போய்க் குடும்பம் நடத்து. வர்றதா இருந்தா எனக்கு ஒரு காரணம் காட்டு, ஊருக்கு நான் என்ன சொல்வேன்?”

அண்ணி மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு காரணம். அதற்காகத்தான் அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அது தானாகவே வந்தது. அடுத்த வாரம் சலவைக்கூட ஆபீசுக்குப் போன் வந்தது. பேசியது சாட்சாத் தோழன். ரேடியோவுக்கு வெளியே அவருடைய குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

“அம்மா, இந்த சனிக்கிழம உங்க வீட்டுக்காரரோட நூறாவது பாட்டு. நேரலையில ஒரு லைன்ல அவரு, ஒரு லைன்ல நீங்க. ரெண்டு வார்த்த பேசினா போதும். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. ரேடியோவுல மூணு செகண்டுக்கு மேல சத்தம் இல்லாம இருக்கக் கூடாது. ஆளுங்க வேற ஸ்டேஷன் மாத்திடுவாங்க. பேச்சு வரலேன்னா கவலப்படாதீங்க, நான் பாட்டப் போட்டுச் சமாளிச்சுக்கறேன்.”

அவள் சரி சரி என்றாள். மூன்று விநாடி அவள் மண்டையில் ஏறவில்லை. அவன் குரலும் அவள் குரலும் ஒரே நேரத்தில் ஊர் முழுக்கக் கேட்கப் போகின்றன, அதுதான் ஏறியது. ‘பேசமாட்டேங்கறார்’ என்று சொன்னால் வேடிக்கை என்பார்கள். சொல்லவே வேண்டாம். பேசச் சொல்ல வேண்டும். அவன் பேசமாட்டான். அண்ணன் பஸ்ஸில் அறுபது பேரும் கேட்பார்கள்.

ஒருவேளை பேசிவிட்டால்? வெள்ளிக்கிழமை முழுக்க அந்த நினைப்பு அவளை விடவில்லை. பேசிவிட்டால் பேசிவிட்டான், அவளுக்கு வேறென்ன வேண்டும்? எப்படிப் பார்த்தாலும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டாள், பாவம்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் அம்மா பெரிய இஸ்திரி உருளையை நிறுத்திவைத்தாள். ஆபீஸ் வாசலில் பத்துப் பதினைந்து பேர் முண்டியடித்தார்கள். அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

“மருந்துக்கடை அண்ணே! நூறாவது பாட்டு! எப்படி இருக்கு?”

“என்ன சொல்றது சார்,” என்று அவளுடைய கணவன் குரல் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. தேனாக ஒழுகியது. “அவங்க இல்லேன்னா நான் ஏது? அவங்களுக்கு நூறு பாட்டு பத்துமா சார்?”

“ஆஹா! அம்மா, கேட்டீங்களா? நீங்க என்ன சொல்றீங்க?”

பட்டாசு கதவோரம் நின்று, பேசு பேசு என்று கையை ஆட்டினாள்.

“எனக்குப் பாட்டு வேண்டாம் சார்,” என்றாள். “அவர என்கிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. சாப்பிட்டியான்னு கேட்டாக்கூடப் போதும். உங்ககிட்ட இல்ல சார். என்கிட்ட.”

“அடடடா! இதுவல்லவோ ஆசை! அண்ணே, கேட்டுடுங்க. ஊரே காத்திருக்கு!”

உருளை நின்றிருந்தது. வாசலில் யாரும் மூச்சுவிடவில்லை. ஒன்று. அவனுடைய மூச்சு அவளுக்குக் கேட்டது. மூன்று வருஷமாகப் பக்கத்துக் கட்டிலில் கேட்கிற அதே மூச்சு. இரண்டு. இதோ, எல்லோரும் கேளுங்கள், இதுதான், இதைத்தான் நான் சொன்னேன் என்று அவள் மனசு கத்தியது. மூ—

“அண்ணனுக்குத் தொண்டை அடைச்சிடுச்சு!” என்றார் தோழன். பாட்டு தொடங்கியது. நிலாவும் உயிரும்.

வாசலில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் ரிசீவரை விடவில்லை.

“சார்... கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமே சார்.”

“சத்தம் இல்லாம எப்படிம்மா விடறது? ஆனா பிரமாதம்மா, நான் எழுதிக் குடுத்திருந்தாக்கூட இப்படி வந்திருக்காது.”

“அவரு இன்னும் லைன்ல இருக்காரா?”

“இருக்காரே! பேசிட்டுத்தான் இருக்கார். பரிசு வாங்க எப்போ வரலாம்னு கேக்கறார்.”

தொண்டை சரியாகிவிட்டது போலிருக்கிறது. மூன்று விநாடியைப் பற்றி அவனுக்கும் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை, அவன் வாங்கியிருந்தான்.

வீட்டுக்குப் போனபோது ஃப்ரிட்ஜில் உறை ஒட்டியிருந்தது. ‘சாப்பிட்டாச்சு.’ அவ்வளவுதான். அவள் அதை மற்றவற்றோடு சேர்க்கவில்லை, சுக்குநூறாகக் கிழித்தாள். அவன் கூடத்தில் உட்கார்ந்து போனில் யாரிடமோ, “ஆமா சார், என்னமோ அந்த நேரத்துல பேச்சே வரல” என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அண்ணனுக்குப் போன் செய்தாள். “கேட்டியாண்ணே?”

“கேட்டனா? வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன்! பஸ்ல ஒரே கைதட்டல். என் மச்சான்தான்னு சொன்னேன், கண்டக்டர் கையக் குடுத்தான்.”

“அண்ணே, அவரு பேசவே இல்ல. அத நீ கவனிக்கலியா? ஒரு வார்த்த வரல அவரு வாயிலேர்ந்து.”

“பாசத்துல வரலம்மா.”

“அண்ணே, அந்த ரூம்...”

அண்ணன் ஒரு கணம் யோசித்தான். யோசிக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. “சனிக்கிழம வரைக்கும் பொறு. என் பதில் என்னன்னு அன்னிக்கு உனக்கே தெரியும்.”

அந்த ஒரு வாரம் அவள் ஒரு பையில் நாலு சேலையும் சோப்பு டப்பாவும் எடுத்துவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் பஸ் ஹோட்டல் வழியாகத்தான் போகும். நேரே வந்து ஏறிக்கொள் என்பான் என்று நினைத்து, பையைக் கையோடு வேலைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

நாலு மணி. பத்து, ஒன்பது, எட்டு. ஏழாவது இடத்தில் வேறு பாட்டு வந்தது. அவளுக்கு நெஞ்சு லேசானது. கடைசியில் முதல் இடம்.

“நண்பர்களே! போன வாரம் ஒரு மனைவி ஒரு வார்த்த கேட்டாங்க, ஒரு கணவனுக்குப் பேச்சே வரல. அந்தப் பாட்ட இந்த வாரம் இருநூத்தி எட்டுப் பேர் கேட்டிருக்கீங்க! ஏழாவது இடத்துலேர்ந்து ஒரே தாவு, முதல் இடம்! அந்த இருநூத்தி எட்டுல முதல் ஆள் யார் தெரியுமா? அந்த அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன். டிரைவர் அண்ணன் சொல்றார்: என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் இதே மாதிரி இதே வீட்டுல நூறு வருஷம் ஒத்துமையா இருக்கணும்!”

பதில் வந்துவிட்டது.

அவள் போர்வை முனையைப் போட்டுவிட்டுப் போய் ரேடியோவை அணைத்தாள். உருளையும் அப்போது ஓடவில்லை. சலவைக்கூடம் அமைதியானது. ஒன்று, இரண்டு என்று அவள் உதடு எண்ணியது. மூன்று வரைக்கும் யாரும் அசையவில்லை.

“என்னடி ஆச்சு உனக்கு? முதல் இடம்டி!” என்று யாரோ போய் மறுபடி போட்டார்கள், முன்னைவிடச் சத்தமாக.

அவள் திரும்பி வந்து போர்வை முனையை எடுத்தாள். எதிரே பட்டாசு இந்த முறை கைதட்டவில்லை. காலடியில் கிடந்த பையைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடி? எங்கயாவது கிளம்பறியா?”

“அவரு என்கிட்ட பேசி மூணு வருஷம் ஆச்சு,” என்றாள் அவள்.

பட்டாசு காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, ரேடியோவைக் காட்டித் தலையாட்டினாள்.

“ஒண்ணும் கேக்கல. பாட்டு முடியட்டும், அப்புறம் சொல்லு.”