மத்தியானத்தில் சாத்திய கதவு

மெக்கானிக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றதும் அவன் மனைவி பெரிதாகப் பயப்படவில்லை. எத்தனையோ பேர் செய்துகொண்டு நடமாடுகிறார்கள். ஆனால் இவனுக்கு உள்ளே போட்ட தையல் விட்டு, சீழ் வைத்து, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. குடலின் ஒரு முனையை வெளியே எடுத்து, வயிற்றோரம் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள்.

"தேறினதும் திரும்ப உள்ள சேர்த்திடலாம்மா. அதுவரைக்கும் வேலைன்னு எதையும் தொடக்கூடாது" என்றார் டாக்டர்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் சரிபார்க்கும் கடை அவனுக்கும் கூட்டாளிக்கும் பொது. கூட்டாளிக்கு வாய்தா என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்றே காலம் தள்ளுகிறவன். கழற்றுவான், மாட்டுவான், வண்டியில் ஏற்றுவான். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிற கை மெக்கானிக்குடையது. அந்தக் கை படுத்ததும் வருமானமும் கூடவே படுத்தது. மனைவி ஒரு பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடும் வேலைக்குப் போனாள்.

ஆனால் வாய்தா வாராவாரம் வீட்டுச் செலவுக்குப் பணம் கொண்டுவந்து கொடுத்தான்.

"கடை ஓடுது அண்ணி" என்பான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எப்படி ஓடும்? அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே என்று நினைத்துக்கொண்டாள். வாங்கவும் கூசியது, வாங்காமல் இருக்கவும் வழியில்லை.

ஒருநாள் படுக்கை விரிப்பை உதறியபோது அதில் சின்னதாய்ப் பொத்தல், ஓரம் கருகி. அறையில் ஏதோ தீய்ந்த வாசனை.

"சிகரெட் பிடிச்சீங்களா?"

"சேச்சே! கொசுவத்தி பட்டிருக்கும்."

வீட்டில் கொசுவத்தி வாங்கியே வெகுகாலம் ஆயிற்று. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பை வைத்ததிலிருந்து அவன் அப்படித்தான், மனைவியிடம்கூட முதுகைத்தான் காட்டுவான்.

மறுநாள் காலை கீழ்வீட்டு அக்கா படியில் நிறுத்தினாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அந்தக் கடைக்காரத் தம்பி பெரிய பையோட வர்றான். கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் உள்ள என்னவோ பண்றாங்க. எதிலயாவது கையெழுத்து வாங்கிடப் போறான், பார்த்துக்க."

அன்று உறை ஒட்டவே கை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லி மத்தியானமே கிளம்பிவிட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே வாய்தாவின் குரல்:

"இந்த ஒண்ணுல மட்டும் கை வெச்சிடுங்கண்ணே. அண்ணி வர்றதுக்குள்ள நான் போயிடறேன்."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது.

மெக்கானிக் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் பலகை, பலகைமேல் வாஷிங் மெஷினின் சர்க்யூட் போர்டு. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஈயம் பற்றவைக்கும் கோல், அதன் நுனியில் புகை. வாய்தா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே அவன் பையிலிருந்து இன்னும் சில போர்டுகள் எட்டிப் பார்த்தன.

"டாக்டர் என்ன சொன்னார், நீங்க என்ன பண்றீங்க?" அவள் கோலைக் காட்டிக் கேட்டாள்.

"வெயிட்டா தூக்குறேன்? உட்கார்ந்த இடத்துலதானே…" என்றான் மெக்கானிக். "அந்தப் பணம் நான் சம்பாதிச்சதுடி. இவன் போட்ட பிச்சை இல்ல."

அவள் வாய்தாவைப் பார்த்தாள். "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

அவன் விளக்கை அணைத்தான். "அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னாரு. ஆனா பொய் சொல்ல மாட்டேன் அண்ணி. முதல் நாள் நான் வந்தது கடையை என் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேக்கத்தான். இனி இவர் எழுந்துக்க மாட்டார்னு நினைச்சேன். விஷயத்தை எடுக்கறதுக்குள்ள இவர் என் பையில இருந்த போர்டைப் பார்த்துட்டாரு. 'அதைக் கொடு'ன்னாரு. அப்புறம் கேக்க வாய் வரல."

மெக்கானிக்குக்கும் இது புதுச் செய்திதான். கோலை மெல்லக் கீழே வைத்தான்.

அவள் விரிப்பிலிருந்த பொத்தலைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு போர்டு. அதுவும் நான் வந்தப்புறம். பழைய தட்டு ஒண்ணு தர்றேன், சூட்டுக்கோலை அதுல வைங்க. வீட்டைக் கொளுத்திடாதீங்க."

குடலைத் திரும்பச் சேர்க்கும் ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாக நடந்தது. இந்தத் தடவை தையல் நின்றது. ஆனால் கனமானதைத் தூக்க இனி முடியாது. தூக்குவது வாய்தாவின் பாடு, பார்ப்பது இவன் பாடு என்றாயிற்று.

அவள் பேக்கரி வேலையை விட்டுவிட்டுக் கடையின் முன்மேஜையில் உட்கார்ந்தாள். ஒத்தாசைக்கு என்றாள். பாதி அதுதான்; மீதி காவல். வாய்தாவுக்கும் அது தெரியும். தினமும் அவள் வருவதற்குள் அந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டிருப்பான்.