வளையத்தில் ஒரு கோடு

காற்றைத் திட்டியே காலம் தள்ளுகிற ஆள் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். ஊரில் மழையைத் திட்டுவார்கள், வெயிலைத் திட்டுவார்கள். இலைகூட அசையாத ஒரு சாயங்காலத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்து, "சனியனே, ஒரு நிமிஷம் சும்மா இரேன்!" என்று கத்துகிறவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? அந்த வசவு காற்றுக்கு. சனிக் கிரகத்தைத்தான் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் விளக்கிச் சொன்னால் இன்னும் கொஞ்சம் பயப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை, "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று சொல்லி வருகிறேன். எப்பேர்ப்பட்ட முரடனும் சொன்னபடி அடக்குவான். இந்தக் காற்று மட்டும் அடக்காது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பன்னிரண்டடிக்குப் பத்தடி வெறும் இடம். மூன்று பக்கமும் மாடி வீடுகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டை மேலே கக்கும். அதன் வழியாகப் பார்த்தால் சனிக்கோள் ஓடுகிற தண்ணீருக்கடியில் கிடக்கிற காசு மாதிரி நெளியும்.

இதற்கும் ஒரு வழி உண்டு. தொலைநோக்கியில் கேமராவை மாட்டி மூன்று நிமிஷம் வீடியோ எடுக்க வேண்டும். அதில் ஆறாயிரம் படமாவது இருக்கும். காற்று தவறிப்போய் அசையாமல் நின்ற சில நூறு படங்களை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும். அப்புறம் அதைக் கூர்மையாக்கலாம். கரியைக் கழுவி வைரம் தேடுகிற வேலைதான், ஆனால் எனக்குப் பிடித்த வேலை.

சனியின் வளையத்துக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. நல்ல காற்றில் எடுத்த படங்களில் மெல்லிய கருங்கோடாகத் தெரியும். இரண்டு வருஷமாக அந்தக் கோடு எனக்குச் சிக்கவில்லை. காற்று சரியில்லை என்று ஒவ்வொரு நாளும் புலம்பிக்கொண்டே உள்ளே வருவேன். என் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள்.

அவள் தையல்காரி. கூடம் முழுக்க அவள் கடைதான். சோபாவில் துணிமூட்டை, சாப்பாட்டு மேஜையில் வெட்டுகிற வேலை, அளவு பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் படுக்கையறை. படுத்தால் குண்டூசி குத்தும். பின்பக்கத்து இடத்துக்குக் கூரைத் தகடு போட்டுத் தைக்க ஓர் அறை வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டினேன். கடைசியில் அவளே ஒரு பேச்சுக்கு வந்தாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். அந்தக் கோடு படத்துல விழுந்துச்சுன்னா இடம் உங்களுக்கு, நான் வாயே தெறக்க மாட்டேன். விழலைன்னா வெல்டர் வருவார். சரியா?"

"சரி" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பரம்பரைப் பழக்கம்.

அந்த மாதம் காற்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடைசி நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து, இருட்டுவதற்குள் தொலைநோக்கியை வெளியே வைத்துச் சூடு ஆற விட்டேன். ஏழு மணிக்குள் எட்டு வீடியோ எடுத்தேன். எட்டிலும் சனி கொதித்தது. சுமாரான ஒன்றை எடுத்து அடுக்கிப் பார்த்தால், ஓரம் கரைந்த மங்கலான வளையம். கோட்டைக் காணோம்.

கூர்மையாக்குகிற அளவைக் கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம். எவ்வளவு தூரம் போகலாம் என்று என் தொழிலில் எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் விரல் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் வளையத்துக்குள் சட்டென்று ஒரு கருங்கோடு வந்து நின்றது.

"ஏய், இங்க வா! வந்து பாரு!"

கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றாள். அங்கேயே நின்று வெல்டருக்குப் போன் போட்டாள். "அண்ணா, ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்ணா. இல்ல, இல்ல, இப்போதைக்கு வேண்டாம்." போனை வைத்துவிட்டுத் துணிமூட்டையை நகர்த்தி, உட்கார இடம் பண்ணிக்கொண்டு, மறுபடி தைக்க ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தைப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் படிக்கட்டில் விழுந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் படம் எடுத்தேன். எலும்பில் மயிரிழை போல ஒரு கோடு. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் கோடு நிஜமா இருக்கா? இல்ல நீங்க ஷார்ப் பண்ணதுல வந்துச்சா?"

"நான் கையே வைக்கலை டாக்டர். எடுத்தது எடுத்தபடி இருக்கு."

"நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு, எலும்பு முறிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். இன்னொரு படம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் சேர்த்த சொத்து அந்த ஒரு வார்த்தைதான் என்று அப்போது பட்டது. உடனே போன் முகப்பில் இருக்கிற சனி ஞாபகம் வந்தது.

கழிவறைக்குப் போய்ப் போனை எடுத்துச் சனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையத்தில் இருந்த அதே கோடு நடு உருண்டையின் ஓரத்திலும் ஓடியது. அங்கே எந்த இடைவெளியும் கிடையாது. கூர்மையை அளவுக்கு மீறி இழுத்தால் வெளிச்சமான எந்த ஓரத்துக்குள்ளும் வருகிற பொய்க்கோடு அது. அதைப் பார்த்த பிறகும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சாதாரண பொழுதுபோக்கு, யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அவளோ வாயே திறக்க மாட்டேன் என்ற சொல்லைக் காப்பாற்றினாள். அறையைப் பற்றி ஒரு பேச்சில்லை. சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், நான் தட்டோடு வந்ததைப் பார்த்து எல்லாவற்றையும் சுருட்டித் தரையில் போட்டுக்கொண்டு அங்கே குனிந்து வெட்டினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மிஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் படத்துல இருக்கே, அது இடைவெளி இல்ல. நான் ரொம்ப இழுத்ததுல வந்தது."

மிஷின் நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"வட்டப் பாவாடைக்கு ஓரம் மடிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? வளையம் சாஞ்சு இருக்கு. அதுல இடைவெளின்னா ரெண்டு ஓரத்துல அகலமாவும் முன்னாடி ஒடுங்கியும்ல வரணும்? உங்க கோடு சுத்திலும் ஒரே அளவா இருக்கு. போதாக்குறைக்கு உருண்டையைச் சுத்தியும் ஒண்ணு."

"அப்புறம் ஏன் ஜெயிச்சிட்டேன்னு சொன்ன?"

மிஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"தெரிஞ்சு பண்ணீங்களா, ஆசையில கண்ணு மறைச்சிருச்சான்னு எனக்குப் புரியலை. அதான் விட்டுட்டேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"இடம் உங்களுக்குத்தான். சொன்னா சொன்னதுதான்." துணியை உதறி மடித்தாள். "ஆனா அதுக்கப்புறம் உங்ககிட்ட நான் எதையுமே கேட்டிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் துணியின் நீளத்தைச் சொல்வது போலச் சொன்னாள். மூன்று நாளாக நான் எதை வைத்துச் சூதாடினேன் என்று அந்த நொடியில்தான் புரிந்தது. பன்னிரண்டுக்குப் பத்து இடம் அதில் ஒரு பொருட்டே இல்லை.

அவளுடைய போனை எடுத்து வெல்டரைக் கூப்பிட்டேன். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்துருங்க. ஆமா, இந்த ஞாயிறுதான்."

அவர் வந்தார். நான் ஏணியைப் பிடித்தேன், கம்பியைப் பிடித்தேன், அவர் திட்டியபோது திட்டும் வாங்கினேன். தொலைநோக்கி முன்பக்கம் கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காற்று இன்னும் மோசம், தெருவிளக்கு வேறு. பரவாயில்லை, திட்டுவதற்கு இன்னொரு ஆள் கிடைத்தான்.

தகடு ஏறி முடிந்ததும் அவள் புது அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். மிஷினை ஜன்னலோரம் நகர்த்த வேண்டுமாம். இல்லை, இந்தப் பக்கமாம். நூல்கண்டுகளுக்கு ஒரு பலகை அடிக்க வேண்டும், கண்ணாடி கொஞ்சம் உயரமாக, ஃபேன் இன்னும் தள்ளி. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. ஆணியை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலின் மேல் நின்றபடி, எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்த ஞாயிற்றுக்கிழமை எது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"வேற என்ன வேணும்?" என்று நானே கேட்டேன்.

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.